கடல்நீர்த் தொட்டியில் பாசி: நல்ல தண்ணீரால் வரும் கேடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர், எனக்குத் தெரிந்து, பத்துப் பேர்கூட இருக்க மாட்டோம். ஆனாலும் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொருவரும், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே பள்ளத்தில், சொல்லிவைத்தாற்போல் விழுகிறார்கள். இரையை அள்ளிக் கொட்டக் கூடாது, மீன்களை நெருக்கி அடைக்கக் கூடாது என்பனவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, பாசியை வரவழைக்கும் மற்றப் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஆவியான நீருக்கு ஈடாகக் குடிநீரை ஊற்றுவது

சம்பை ஊற்றின் சுவையைப் பேசாத காரைக்குடிக்காரர் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்று நீரும் இனிப்பானதுதான். என் முதல் தொட்டி 200 லிட்டர் கொண்டது. சித்திரை வெயிலில், மேலே மின்விசிறி ஓடும்போது, நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் ஆவியாகிவிடும். உப்பு ஆவியாகாது, ஆகவே உப்பில்லாத நீரால்தான் குறையை நிரப்ப வேண்டும் என்பதுவரை சரியாகவே புரிந்துகொண்டிருந்தேன். "நாம குடிக்கிற தண்ணி மீனுக்கு ஆகாதாப்பா?" என்று அப்பத்தா கேட்டார். அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டதால் நாள்தோறும் ஒரு செம்பு குறையாமல் ஊற்றிவந்தேன்.

ஆறு வாரத்தில் பாறைகள் மீது விரல் நீளத்துக்கு நூல்பாசி வளர்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் பாறைகளை வெளியே எடுத்துப் பல்துலக்கியால் தேய்த்தேன். பாசி மேயும் நத்தைகள், கழிவை நுரையாக்கி அகற்றும் பெரிய ஸ்கிம்மர், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் உறிஞ்சி என்று நான்கு மாதம் காசைக் கரைத்தேன். கையிலிருந்த செம்பை மட்டும் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

பாசிக்கு உரமாகும் இன்னொன்றான நைட்ரேட்டுக்கு நாக்கில் தெரியும் சுவை இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. பவளம் வளர்க்கும் தொட்டியிலோ அதை 10-க்குள் வைக்கவே நாம் பாடுபடுகிறோம். கிணற்று நீரில் 20 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 3 லிட்டரில் நாளுக்கு 60 மில்லிகிராம் உள்ளே போகிறது. 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.3, மாதத்துக்கு 9. நீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்க, நைட்ரேட் மட்டும் உள்ளேயே சேர்கிறது. கிணற்று நீருடன் வரும் சிலிக்கேட், பழுப்பு நிற டயாட்டம் பாசிக்கு ஓடு கட்டும் பொருளாகிறது. வாராந்தர நீர்மாற்றத்துக்கும் அதே நீரில் உப்பைக் கரைத்தால், மாற்றியும் பெரும்பயன் இல்லை.

இன்றளவும் எனக்கு எரிச்சல் தருவது இதற்கு அடுத்த கட்டம். சமையலறை ஆர்ஓ இயந்திரத்து நீருக்கு மாறிவிட்டு, சிக்கல் தீர்ந்ததென்று இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பாசி குறையவில்லை. நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கி அந்த நீரில் வைத்தபோது 90 காட்டியது. அவ்வகை இயந்திரங்கள் பலவற்றில், ருசிக்காகச் சுத்திகரிக்காத நீரைச் சிறிதளவு கலந்துவிடும் திருகு ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதை நன்றாகத் திறந்தே வைத்திருந்தார்கள். தொட்டிக்குத் தேவையானது தனி ஆர்ஓ, அதன்பின் எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின், அதன் வாயில் பூஜ்யம் காட்டும் மீட்டர். சில நூறு ரூபாய் பெறும் அந்த மீட்டரை மீனுக்கு முன்பே வாங்குங்கள் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும், மீனை வாங்கிய பிறகுதான் தொலைபேசியில் அழைக்கிறார்கள். ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது, டயாட்டம் ஓடு கட்டும் அந்தச் சிலிக்கா. அது மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாததால் மீட்டர் அதைக் காட்டாது. ஆகவே பழைய தொட்டியில் திடீரென்று பழுப்புப் படலம் படிந்தால், மீட்டரை நம்பிக்கொண்டிராமல் ரெசினை மாற்றிவிடுங்கள்.

சுத்தமான நீருக்கு மாறியதும் பாசி மறைந்துவிடவில்லை. பாறைகள் உறிஞ்சிவைத்திருந்த பாஸ்பேட் மெல்ல வெளியேறி முடிய மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

பரிசோதனையில் பூஜ்யம் வந்ததும் நிம்மதி கொள்வது

தொட்டி நிறையப் பாசி இருக்கும்போது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டுவது இயல்பு. அவற்றைத்தான் பாசி தின்றிருக்கிறது. துடைத்த இலையைப் பார்த்துவிட்டு, பந்தியில் சோறே பரிமாறவில்லை என்று சொல்லலாமா?

வளவில் தொட்டி

வேண்டாம். வளவின் வானம் பார்த்த முற்றத்தில் பாசியை வளர்க்கும் வெயிலுக்கு ஸ்விட்ச் கிடையாது.

தொண்டியில் கரையோரம் மொண்ட கடல்நீர்

நிலத்திலிருந்து வடிந்து வரும் சத்துகள் கலப்பது கரையோரத்தில்தான். உப்புப் பொட்டலம் வாங்குங்கள்.

பாசி மருந்தை மொத்தமாக ஊற்றுவது

நூல்பாசி ஒரே நாளில் செத்து அழுகத் தொடங்கினால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை இரவோடு இரவாக உறிஞ்சிவிடும். என் முதல் கோமாளி மீன் இணை அப்படித்தான் போயிற்று. விடிந்தபோது இரண்டும் மணலில் கிடந்தன. கையால் பிடுங்குங்கள். மணலில் படரும் சிவப்புப் படலமோ பாசியே அன்று, சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா வகை. அதைக் கொல்ல ஊற்றும் நுண்ணுயிர்க்கொல்லி, அம்மோனியாவைச் சிதைக்கும் பயனுள்ள பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடும்.

பூஜ்யத்தைத் துரத்துவது

ஒருமுறை பாசியிடம் அடிபட்டவர் செய்யும் பிழை இது. நானும் செய்தேன். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அறவே ஒழித்தபின், குமிழிகள் கோத்த பழுப்புச் சளி போல டைனோபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் படர்ந்தது. அதன் நஞ்சில் நத்தைகளும் மாண்டன. பாஸ்பேட் லிட்டருக்கு 0.03-லிருந்து 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் பாஸ்பேட் உறிஞ்சியை வெளியே எடுத்துவிடுங்கள்.