முடிவுரைக்கு முன் நான்கு கட்டங்கள்

நோய்ப்பரவலியல் ஆய்வுகளைப் படிக்கப் பழகுவோர், கட்டுரையின் முடிவுரைக்குத் தாவாமல், அதிலுள்ள எண்களைக் கொண்டு நோய் உள்ளோர், இல்லாதோர், பழக்கம் உள்ளோர், இல்லாதோர் எனப் பிரித்து நிரப்பும் நான்கு கட்ட அட்டவணை ஒன்றைத் தாங்களே வரைந்து பார்ப்பது நல்லது. பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு (நோயாளிகளையும் அந்நோய் இல்லாதவர்களையும் எடுத்து, அவர்களது முந்தைய பழக்கங்களை ஒப்பிடும் ஆய்வு) இதற்கு ஏற்ற பயிற்சியாகும். அதில் நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட, வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 649 ஆண்களில் 27 பேர். ஆக, புகைபிடித்தவர்கள் நோயாளிகளில் 647 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 622 பேர். 647-ஐ 27-ஆல் பெருக்கி, அத்தொகையை 622, 2 ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால், ஆட்ஸ் விகிதம் ஏறத்தாழ 14 என்று வரும்; அதாவது, புகைபிடிப்போருக்கும் புகைபிடிக்காதோருக்கும் உள்ள விகிதம், ஒப்பீட்டுக் குழுவில் இருப்பதைப்போல் நோயாளிகளிடம் ஏறத்தாழ 14 மடங்கு.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். புகைபிடிப்போர் மொத்தம் 1,269 பேர், அவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய், ஆகவே புகைபிடிப்போரில் பாதிப் பேருக்கு நோய் வரும் என்று கணக்கிடுவது முற்றிலும் தவறு. ஏனெனில் நோயாளிக்கு ஒருவராக ஒப்பீட்டு நபரைச் சேர்த்தது ஆய்வாளர்களின் முடிவே தவிர, சமூகத்தில் நோய் காணப்படும் அளவு அன்று. அந்த அளவு வேண்டுமெனில், இவ்விருவரும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கியதைப் போல, நோயற்றவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் கோஹார்ட் ஆய்வே தேவை.

ஒப்பீட்டுக் குழு எங்கிருந்து வந்தது என்பதையும் அட்டவணையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் இருந்த அந்த மற்றவர்களுள் சிலரது நோய்க்கும் புகையே காரணமாக இருந்திருந்தால், கிடைத்த விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.