அகலமான ஸ்கீ பலகையை வாங்கும் முன் ஓட்டிப் பார்த்த என் அனுபவம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஆல்ட்டா மலையில் விழுந்திருந்த ஆழமான புதுப்பனியில், நடுப்பகுதி 80 மி.மீ. மட்டுமே அகலமுள்ள என் ஸ்கீ (பனிச்சறுக்கு) பலகைகள் புதைந்துகொண்டே இருந்ததால், 100 மி.மீ.க்கு மேற்பட்டவற்றை ஓட்டிப் பார்த்து வாங்க எண்ணினேன். கடையின் சாதாரண வாடகைப் பிரிவில் அவை இல்லை. வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கத் தரும் ‘டெமோ’ பலகைகள் வேண்டும் என்று தனியே கேட்டபோதுதான் வழி பிறந்தது: பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை என் பூட்ஸின் அடிநீளத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்தியதோடு, அன்றைக்குள் வேறு பலகை மாற்றிக்கொள்ளலாம் என்றும், வாங்கினால் வாடகையை விலையில் கழித்துக்கொள்வதாகவும் கூறினார்கள். புதுப்பனியில் எந்த அகலப் பலகையும் இனிக்கத்தான் செய்யும் (கடைக்காரர்களும் அதை அறிவார்கள்). ஆகவே இயந்திரத்தால் பனியை இறுக்கிச் சமன்செய்த சரிவிலும் வேண்டுமென்றே ஓட்டினேன். 112 மி.மீ. பலகை அங்கே ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்குச் சாயத் தாமதித்து முழங்காலை வருத்தியது, 102 மி.மீ. பலகை இரண்டு பனியிலும் இணங்கியதால் அதையே வாங்கினேன்.