வெளிநாட்டு நகரத்தில் செலவு குறைவாகச் சைவம் சாப்பிட

அறை பதிவு செய்யும்போதே சமையலறை வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேளை சமைத்துக்கொண்டாலே செலவு நன்றாகக் குறையும். வெளியில் சாப்பிடுவதானால் மதியமே நல்லது. பல உணவகங்களில் அதே சாப்பாடு இரவில் விலை கூடும். சூப்பர்மார்க்கெட்டுகளில் கடை மூடும் நேரத்தையொட்டி ரொட்டி, சாலட் எல்லாம் தள்ளுபடியில் கிடைக்கும்.

"இறைச்சி இல்லை" என்று சொன்னால் போதாது. காய்கறி சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம், வதக்கிய கீரையில் மீன் சாஸ் இருக்கலாம், ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கலாம். முட்டை, மீன், எலும்புச் சாறு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக உள்ளூர் மொழியில் எழுதி, போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பாக்கெட் உணவு வாங்கினால் இன்னும் எளிது: முட்டை, மீன், பால் போன்ற 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட்டிருப்பார்கள். ஜெலட்டின், எலும்புச் சாறு போன்றவற்றை நீங்களே தேடிப் படிக்க வேண்டும்.

சைவ உணவகங்களைத் தேட ஹேப்பிகவ் செயலி உதவும். கையில் பணம் மிகவும் குறைந்துவிட்டால், அருகில் சீக்கியர்களின் கோயிலான குருத்வாரா இருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்த மதத்தவருக்கும் அங்கே சைவச் சாப்பாடு இலவசம். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவவும் கை கொடுக்கலாம்.