அரை மீட்டர் தாவிய வெள்ளைக் கோடு

முடிவில்லா ஓட்ட கேமில் மூன்று நாளைத் தின்ற கோளாறு இது. கணினியில் எவ்வளவு தூரம் ஓடினாலும் சாலை சுத்தம். அதே கேமைப் போனில் போட்டால், 512 மீட்டரைத் தாண்டியதும் சாலையின் வெள்ளைக் கோடுகள் அரை அரை மீட்டராக உடைந்து தெரிந்தன. 2048-க்குப் பிறகு வெறும் பட்டைகள்தான்.

டெக்ஸ்சர் (சாலை மேல் ஒட்டும் படம்) கம்ப்ரெஷனை மாற்றினேன், தொலைவில் அந்தப் படத்தின் சிறிய நகலைக் காட்டும் மிப்மேப்பை நிறுத்தினேன்; பலனில்லை. பிறகு 1000 மீட்டருக்கு ஒருமுறை ஓடுபவரையும் பாதையையும் சேர்த்துப் பூஜ்ஜியத்துக்கு இழுத்தேன். இழுத்ததும் சரியானது, அடுத்த 512-ல் மறுபடி அதே கதை. துப்பு அங்கேதான் கிடைத்தது.

சாலையை வரையும் ஷேடர் (கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவில் ஓடும் நிரல், நான் எழுதியதுதான்), தூரத்தை ஹாஃப் எனும் 16 பிட் எண் மாறியில் வைத்திருந்தது. அந்த 16 பிட்டில் 512 முதல் 1024 வரை அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 0.5 இடைவெளி, 2048-க்கு மேல் 2. கணினி ஜிபியுக்கள் பெரும்பாலும் ஹாஃபை 32 பிட்டாகவே கணக்கிடுவதால் அங்கே எதுவும் தெரியாது.

தூரத்தை 32 பிட் ஃப்ளோட் ஆக்கியும் சரியாகவில்லை. ஷேடரில் முனைகளைக் கணக்கிடும் வெர்டெக்ஸ் பகுதியிலிருந்து, பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிடும் ஃப்ராக்மென்ட் பகுதிக்குத் தூரத்தைக் கொண்டுபோகும் மாறி இன்னும் ஹாஃபாகவே இருந்தது. அதையும் ஃப்ளோட் ஆக்கிய பிறகுதான் கோடு நேரானது. நிறத்துக்கு ஹாஃபே போதும், அதைத் தொடவில்லை.