எருக்கு வெட்டுக்கிளிக் குடும்பத்தை இனம் காண்பது எப்படி

2020-ல் வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளி இறங்கிய சமயம், கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கில் மொய்த்த மஞ்சள் பூச்சியைக் கண்டும் மக்கள் பதறினார்கள். அது எருக்கு வெட்டுக்கிளி. பாலைவனத்தது அக்ரிடிடே குடும்பம். இது வெப்பமண்டலத்தில் அதிகம் காணப்படும் பைர்கோமார்ஃபிடே குடும்பம். படையாகப் பறந்து ஊரை மேயும் வழக்கம் இதற்குக் கிடையாது. மருந்து கலக்கும் முன் பூச்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

10 மடங்கு லென்ஸும், வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலும், கையுறையும் போதும். வெயில் ஏறுமுன் பிடியுங்கள். உடல் சூடேறிவிட்டால் தாவிவிடும். பிடித்ததும் தலையின் நுனியை மேலிருந்து பாருங்கள். கூம்பிய தலை, அதன் முனையில் நடுவே ஒரு மெல்லிய பிளவு. இந்தப் பிளவுதான் குடும்ப அடையாளம். கூம்புத் தலையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: புல்லில் திரியும் நீண்ட அக்ரிடா வெட்டுக்கிளிக்கும் தலை கூம்பித்தான் இருக்கும், பிளவு இருக்காது.

கொங்கு நாட்டில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று. இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதை) ஓரத்து எருக்கில் இருப்பது பொய்கிலோசெரஸ் பிக்டஸ். வளர்ந்ததன் உடம்பில் மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையாக ஓடும், பின்னிறகு சிவப்பு. குஞ்சு வெளிர்மஞ்சள், கரும்புள்ளியும் செம்புள்ளியும் உண்டு. குஞ்சை அழுத்தினால் முதுகில், வயிற்றின் முதல் இரண்டு கண்டங்களுக்கு நடுவிலிருந்து, எருக்கின் நஞ்சு கலந்த நீரைப் பீய்ச்சும். முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இது பப்பாளிக்கும் கத்தரிக்கும் வருவது பெரும்பாலும் எருக்கு மொட்டையான பிறகுதான். ஆகவே குஞ்சுகள் இருக்கும்போது வேலியோர எருக்கை வெட்டுவது பெரிய தவறு. பசித்த கூட்டத்தை நீங்களே வெள்ளாமைக்குள் விரட்டுகிறீர்கள். காலை நேரத்தில் செடியை உலுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் விழச் செய்தால் வேலை முடிந்தது.

இரண்டாவது குரோட்டோகோனஸ். சுமார் 2 சென்டிமீட்டர், சொரசொரப்பு, மண்ணின் அதே நிறம். நிலக்கடலையும் பருத்தியும் முளைவிடும்போது நாற்றைக் கடிப்பது இது. பலரும் இலையில் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். தரையைப் பாருங்கள், அசையாமல் மண்ணோடு மண்ணாக ஒட்டியிருக்கும், காலால் தட்டினால் குறுந்தாவலாகத் தாவும். தாவுவது எதுவும் இல்லை, ஆனால் நாற்று அறுந்து கிடக்கிறது என்றால் தூரில் மண்ணைக் கிளறுங்கள். வெட்டுப்புழு சுருண்டு கிடக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

மூன்றாவது புகையிலை, காய்கறிகளில் வரும் பச்சை அட்ராக்டோமார்ஃபா. கண்ணுக்குப் பின்னால் கன்னத்தில் வரிசையாகச் சிறு முத்துகள் இருக்கும். சிறிய ஆண் பெரிய பெண்ணின் முதுகில் சவாரி போவதைப் பார்த்துக் குஞ்சைச் சுமக்கிறது என்று எண்ண வேண்டாம். இலையில் ஓட்டை போடும். சேதம் பெரும்பாலும் கைப்பிடிப்பிலேயே அடங்கும்.

மூன்றுமே மண்ணுக்குள்தான் முட்டைக்கூடு வைக்கின்றன. கோடை மழை ஈரத்தில் விளைநிலத்தை உழும்போது வரப்போரத்தையும் விடாமல் புரட்டுங்கள். மேலே வந்த கூடுகள் வெயிலில் காயும், மீதியை மைனாவும் கொக்கும் கொத்திவிடும். உழவுக்கு எட்டாத வரப்புச் சரிவை மண்வெட்டியால் செதுக்கிவிடுங்கள்.