கடற்கரைக்குப் போகும் வழியைத் திட்டத்தில் ஏற்றுவது எப்படி?

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்தது 2046 வரை. எது சாலை, எது திறந்தவெளி என்பதை அதுதான் முடிவு செய்யும். கடற்கரைக்கோ 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி தனி வரைபடம் உண்டு. பஸ், ரயில் இணைப்புக்குக் கும்டாவின், அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் திட்டம். மூன்றும் மூன்று அலுவலக வேலை. நான் நில அளவை வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனை தலைமுறை நடந்த சந்தாக இருந்தாலும், படத்தில் கோடு இல்லையென்றால் அதைப் பாதை என்று ஒப்புக்கொள்ள அதிகாரிகள் தயங்குவார்கள். அதனால் திட்டம் திருத்தப்படும்போதே கோட்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

முதலில் நடந்து பாருங்கள். பெசன்ட் நகர் என்றால் 29சி வந்து நிற்கும் பேருந்து நிலையத்திலிருந்து, திருவான்மியூர் என்றால் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து. அந்த ரயில் நிலையம் ராஜீவ் காந்தி சாலையில் இருக்கிறது, கடலோ ஈ.சி.ஆருக்கு அந்தப் பக்கம். சாலையைக் கடக்கும் இடத்தில்தான் சிக்கல். குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ தள்ளிக்கொண்டு போனால் எங்கே சாய்தளம் இல்லை, எங்கே மின்பெட்டி குறுக்கே நிற்கிறது என்பது தானாகத் தெரியும். போனில் இருப்பிடக் குறியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் கேட்க ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்காக நீங்கள்தான் எழுத வேண்டும்.

அப்புறம் விடியற்காலையில் மீனவர் குப்பத்துப் பக்கம் போங்கள். ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் மணல் என்பது வேலை நடக்கும் இடம். படகு எங்கே ஏறுகிறது, வலை எங்கே காய்கிறது, மீன் எங்கே ஏலம் போகிறது, ஐஸ் வண்டி எந்தச் சந்தில் நுழைகிறது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டக் காட்டக் குறியுங்கள். நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலை மீன் கடை விவகாரம் 2023இல் உயர் நீதிமன்றம் வரை போனதே, அதற்கு அடியில் இருந்த கேள்வி இதுதான்: அது வாகனங்களுக்கான சாலையா, மீனவர்கள் புழங்கும் இடமா? நடைவழி கேட்கிறேன் பேர்வழி என்று அவர்கள் இடத்தில் கோடு போட்டுவிடாதீர்கள்.

சரி, இனி காகித வேலை. அரசின் இணையதளத்திலிருந்து உங்கள் பகுதியின் நில அளவைப் படத்தை எடுத்து, வரைவுத் திட்டத்தின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனுவில் “கடற்கரைக்கு நல்ல வழி வேண்டும்” என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: “தாள் எண் இன்னது, சர்வே எண் இன்னது. தெருவின் கிழக்கு முனையிலிருந்து உயர் அலைக்கோடு வரை இத்தனை மீட்டர் அகலமுள்ள பாதையைப் பொது நடைவழியாகக் குறிக்கவும். தெற்கே உள்ள வலை உலர்த்தும் இடத்தைத் தொட வேண்டாம்.” ஒரு கோரிக்கைக்கு ஒரு பத்தி போதும். அதே மனுவை மூன்று அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

சாய்தளம் கேட்டால் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது; டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது. மழைக்காலத்துக்கு முன் யார் சோதிப்பது, பழுதானால் எந்தத் துறை சரிசெய்வது என்பது திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

கடலோர வரைபடத்துக்கு மாவட்ட அளவில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். கடைசித் தேதியை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மனு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கூட்டத்தில் தமிழிலேயே பேசுங்கள். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பிறகு கேட்டுப் பாருங்கள்.

இறுதி வரைபடம் வெளியானதும் அதே தாளைத் திறந்து பாருங்கள். கோடு விடுபட்டிருந்தால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, முத்திரை போட்ட நகலை இணைத்து, உங்கள் மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.