பிறவித் தொற்றுக்கு மருத்துவக் குறியீடு (கோடு) போடுவது எப்படி?

பிரசவ வார்டு ஃபைல் கைக்கு வந்தால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: தொற்று அம்மாவுக்கா, குழந்தைக்கா? ஒரே டிஸ்சார்ஜ் சம்மரியில் இருவரின் கதையும் கலந்து கிடக்கும், புதிதாகக் கோடிங்குக்கு வருபவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து அத்தியாயம். சிங்கப்பூரில் நாம் பயன்படுத்துவது ஐசிடி-10-ஏஎம், அதாவது நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலின் ஆஸ்திரேலியப் பதிப்பு. தொற்று என்றதும் கை தானாக முதல் அத்தியாயத்துக்குப் போகும், ஆனால் பிறவித் தொற்றுகளில் பெரும்பாலானவை இருப்பது 16ஆம் அத்தியாயத்தில், அதாவது பி வரிசையில் (பஸ்ஸில் வரும் பி இல்லை, பென்சிலில் வரும் பி). ருபெல்லா பி35.0, சைட்டோமெகலோவைரஸ் பி35.1, ஹெர்பிஸ் பி35.2, டோக்ஸோபிளாஸ்மா பி37.1. சிஃபிலிஸ் மட்டும் அடம்பிடித்து முதல் அத்தியாயத்திலேயே ஏ50 என்று உட்கார்ந்திருக்கும்.

அந்த சிஃபிலிஸில்தான் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாட்டிக்கொண்டேன். "தாய்க்கு விடிஆர்எல் ரியாக்டிவ், குழந்தைக்கு பெனிசிலின் 10 நாள்" என்று எழுதியிருந்தது (விடிஆர்எல் என்பது சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை, ரியாக்டிவ் என்றால் பாசிட்டிவ்). பத்து நாள் ஊசி போட்டிருக்கிறார்களே, நோய் இல்லாமலா என்று நானே முடிவு செய்து ஏ50 போட்டேன். ஆடிட்டில் திரும்பி வந்தது. அம்மாவின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்விடும், அதனால் குழந்தையின் ரத்தம் ரியாக்டிவ் என்று வந்தாலே நோய் என்று ஆகிவிடாது. டாக்டர்கள் குழந்தையின் டைட்டரை (எதிர்ப்பொருள் அளவை) அம்மாவின் டைட்டரோடு ஒப்பிட்டு, நான்கு மடங்கோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோய் என்று சொல்வது அவர்கள் வேலை. எழுதவில்லை என்றால் கேளுங்கள். "பிறவி சிஃபிலிஸ்தானே டாக்டர்?" என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டிய மாதிரி. "பெனிசிலின் எந்த நோய்க்காகக் கொடுக்கப்பட்டது, தயவுசெய்து குறிப்பிடவும்" என்று கேளுங்கள், போதும்.

சைட்டோமெகலோவைரஸ் என்றால் தேதியைப் பாருங்கள். சிறுநீரோ எச்சிலோ பிறந்த 21 நாளுக்குள் எடுத்ததா? அதற்குப் பிறகு எடுத்த மாதிரியில் மட்டும் வைரஸ் தெரிந்தால், கருவிலேயே வந்ததா, பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாக வந்ததா என்று சொல்ல முடியாது. சம்மரியில் "பிறவி" என்ற சொல் இல்லாவிட்டால் பி35.1 போடாதீர்கள். செவித்திறன் குறைவை டாக்டர் உறுதிசெய்து எழுதியிருந்தால் எச்90 வரிசையிலிருந்து கூடுதல் கோடு. பிறந்ததும் செய்யும் செவி ஸ்கிரீனிங்கில் "ரெஃபர்" (மேல் பரிசோதனை தேவை) என்று வந்தது மட்டும் செவித்திறன் குறைவு ஆகாது, காதில் ஈரம் இருந்தாலும் அப்படி வரும்.

சந்தேகத்தில் கவனித்து, கடைசியில் தொற்று இல்லை என்று அனுப்பிய குழந்தையா? இசட்03.7 வரிசை.

அப்புறம் ஒன்று, ஆறு மாதக் குழந்தை இதே பிறவி சைட்டோமெகலோவைரஸுக்காகத் திரும்ப வந்து படுத்தாலும் பி35.1தான், வயதைப் பார்த்து வேறு அத்தியாயத்துக்குத் தாவ வேண்டாம்.